ஏரி விட்டு ஏரி, படகைத் தோளில் சுமந்து: கனூப் பயணம் பற்றிக் கோலாலம்பூர் நண்பர்கள் கேட்கும் கேள்விகள்

நானும் என் கணவரும் கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் உள்ள அல்கோன்குயின் பூங்காவில் கனூ என்னும் துடுப்புப் படகை ஓட்டித் திரும்பியதிலிருந்து, செந்தூலில் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பிரிக்பீல்ட்ஸில் பசியாற உட்கார்ந்தாலும், அதே சந்தேகங்கள்தாம் வருகின்றன. கேட்பவர்களில் பெரும்பாலோர் கணவனும் மனைவியுமாகத் தனியே போக நினைப்பவர்கள். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதிப் பதிலையும் தருகிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு.

அக்கா, கனூப் பயணம் என்றால் படகில் ஏறி ஏரியைச் சுற்றி வருவதுதானே?

இல்லை. ஓர் ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்து அக்கரை சேர்ந்ததும், படகைத் தண்ணீரிலிருந்து எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு காட்டுப் பாதையில் நடக்கவேண்டும். பாதை முடிகிற இடத்தில் அடுத்த ஏரி இருக்கும். அங்கே படகை இறக்கி மீண்டும் துடுப்பு. இப்படிச் சுமந்து நடக்கும் பாதைக்குப் போர்ட்டேஜ் என்று பெயர். கூடாரம், சாப்பாடு, உடை எல்லாம் உங்கள் மூட்டையிலேயே வரும். வழியில் கடையும் கிடையாது, வீடும் கிடையாது.

வரைபடத்தைப் பார்க்கிறவர்கள் ஏரிகளின் நீளத்தைத்தான் முதலில் அளக்கிறார்கள். பயணம் சுகமா, சிரமமா என்பதைத் தீர்மானிப்பவை போர்ட்டேஜ்கள். இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற பதில்களைப் படியுங்கள்.

இதற்கு எதற்குக் கனடா வரைக்கும்? நமக்குக் கென்யிர் இல்லையா, தாசேக் பெரா இல்லையா?

இருக்கின்றன, அழகாகவும் இருக்கின்றன. தாசேக் பெரா நம் நாட்டின் முதல் ராம்சார் ஈரநிலம், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். 1994இல் அந்தத் தகுதி கிடைத்தது. அங்கே வாழும் செமெலாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக அந்த நீர்வழிகளில் ஓடம் ஓட்டியவர்கள். துடுப்புப் பழக அதைவிட நல்ல இடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. கென்யிர் 1985இல் முடிந்த அணையால் உருவான நீர்த்தேக்கம். விசாலமானது, ஆனால் அங்கே மோட்டார்ப் படகுகள்தாம் அதிகம்.

நம்மிடம் இல்லாதது, சிறு ஏரிகள் அடுத்தடுத்துக் கிடக்கும் நிலம். ஒன்டாரியோவின் பெரும்பகுதி பழைய கடும்பாறை. பனியுகத்தில் பனிப்பாறைகள் அதைச் சுரண்டிக் குழி பறித்துப் பின்வாங்கியபோது ஆயிரக்கணக்கான பள்ளங்களில் நீர் தேங்கியது. ஓர் ஏரிக்கும் மறு ஏரிக்கும் இடையே சில நூறு மீட்டர் மேடுதான் இருக்கும். அந்த மேடுகளைக் கடக்கும் பாதைகளில் பல, மரப்பட்டைக் கனூவில் போய்வந்த பூர்வகுடி மக்கள் நடந்து நடந்து உண்டாக்கியவை. அல்கோன்குயின் பூங்கா 1893இல் அமைந்தது. பரப்பு ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர். நம் சிலாங்கூரைவிடச் சற்றுச் சிறியது. அதற்குள் கனூப் பாதைகள் மட்டும் 2,000 கிலோமீட்டருக்கு மேல் இருக்கின்றன.

எந்த மாதம் போகலாம்? தீபாவளி விடுமுறையில் முடியுமா?

தீபாவளி நேரம் வேண்டாம். அப்போது அங்கே குளிர் கடுமையாகிவிடும். ஏரிகளில் பனி உருகுவதே ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான். மே நடுவிலிருந்து ஜூன் முழுவதும் கருப்பு ஈ என்று ஒரு பூச்சி. காதுக்குப் பின்னாலும் மயிர்க்காலிலும் கடித்து இரத்தம் வரவைக்கும். அதோடு கொசு சேர்ந்து ஜூலை வரை நீடிக்கும். நம் ஊர்க் கொசுவைப் பார்த்தவர்களுக்கு அது ஒன்றுமில்லை என்று நினைக்காதீர்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்வது ஆகஸ்ட் கடைசி முதல் செப்டம்பர் நடுவரை. பூச்சி அடங்கியிருக்கும், தண்ணீரில் வெதுவெதுப்பு மிச்சமிருக்கும். செப்டம்பர் கடைசியில் இலைகள் சிவக்கும் காட்சி அற்புதமானதுதான். ஆனால் இரவில் உறைநிலையை ஒட்டிக் குளிரும். வெப்ப நாட்டு உடம்புக்கு முதல் பயணத்திலேயே அது வேண்டாம்.

எவ்வளவு காலம் முன்பே ஏற்பாடு செய்யவேண்டும்?

மலேசியக் கடப்பிதழுக்குக் கனடா விசா வேண்டும். முதலில் அதைத் தொடங்குங்கள். பூங்காவில் இரவு தங்கும் அனுமதியை ஐந்து மாதம் முன்பிருந்து பதிவு செய்யலாம். எந்த இரவு எந்த ஏரியில் தங்குவீர்கள் என்று பதிவில் குறிப்பிடவேண்டும். குறிப்பிட்ட முகாம் இடம் உங்கள் பெயரில் இருக்காது. அந்த ஏரியில் ஆரஞ்சு நிறப் பலகை வைத்த இடங்களில் காலியாக இருப்பதை எடுத்துக்கொள்ளலாம். அதனால் பிற்பகலுக்குள் போய்ச் சேருகிறவர்களுக்கு நல்ல இடம் கிடைக்கும்.

கோலாலம்பூரிலிருந்து டொரொன்டோவுக்கு நேரடி விமானம் இல்லை, மாறித்தான் போகவேண்டும். அங்கிருந்து கார் ஓட்டினால் பூங்காவின் மேற்கு வாயில் ஏறக்குறைய மூன்று மணி நேரம். வலப்புறச் சாலை என்பதையும், அந்தி வேளையில் மூஸ் என்னும் பெரிய மான் சாலையில் வந்து நிற்கும் என்பதையும் காரோட்டுகிறவர் நினைவில் வைக்கவேண்டும். செலவில் பெரும்பங்கு விமான டிக்கெட்தான். படகு, துடுப்பு, கூடாரம், தூங்கும் பை எல்லாம் பூங்காவை ஒட்டியே வாடகைக்குக் கிடைக்கும். இங்கிருந்து வாங்கிச் சுமக்காதீர்கள்.

எனக்கு நீச்சல் தெரியாது. உயிர்காப்பு அங்கி போட்டால் போதாதா?

அங்கி கட்டாயம். கனடாவில் படகில் ஆளுக்கு ஒன்று இருக்கவேண்டும் என்பது சட்டம். கூடவே ஒரு விசில், 15 மீட்டர் மிதக்கும் கயிறு, தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரம் ஆகியவையும் வேண்டும். சட்டம் அங்கியைப் படகில் வைத்திருக்கச் சொல்கிறது. நான் சொல்வது, உடம்பில் மாட்டி எல்லா வாரையும் இறுக்கியிருங்கள் என்று. காலடியில் கிடக்கும் அங்கி கவிழும்போது உதவாது.

நாம் பழகிய தண்ணீர் வெதுவெதுப்பானது. குளிர்நீரில் விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு நம் கட்டுப்பாட்டில் இருக்காது. வாயைத் தண்ணீருக்கு மேல் வைத்துக்கொண்டு மூச்சை அடக்குவது மட்டுமே அப்போது வேலை. பிறகு ஏறக்குறைய பத்து நிமிடம்தான் கைகால் சொன்னபடி கேட்கும். அதற்குள் படகைப் பிடித்தாகவேண்டும், அல்லது கரையேறவேண்டும். அதனால் கரையை ஒட்டியே ஓட்டுங்கள். பெரிய ஏரியை நடுவே வெட்டிக் கடப்பது, நன்றாக நீந்துகிறவர்களுக்கும் தேவையில்லாத துணிச்சல்.

நீச்சலே தெரியாதவர் அடுத்த ஆண்டு போகலாம். ஒரு வருடத்தில் கற்றுக்கொள்ள முடியாத காரியமல்ல. நம் ஊரில் நீச்சல் குளத்துக்கா பஞ்சம்?

கனூ ரொம்பக் கனமா? என்னைப் போன்ற ஒல்லியான பெண்ணால் தூக்க முடியுமா?

முடியும். கெவ்லார் என்னும் வலுவான செயற்கை இழையில் செய்த இருவர் கனூ 18 முதல் 20 கிலோ வரை இருக்கும். பத்துக் கிலோ அரிசி மூட்டை இரண்டு. அலுமினியப் படகு 30 கிலோவைத் தாண்டும். வாடகையில் மிச்சம் பிடிக்க அதை எடுத்தால் ஒவ்வொரு போர்ட்டேஜிலும் வருந்துவீர்கள்.

தூக்குவதில் பலத்தைவிட முறைதான் முக்கியம். படகின் நடுவே குறுக்கில் ஒரு நுகக்கட்டை இருக்கும். கழுத்துக்கு இடம் விட்டு வளைவாகச் செதுக்கியிருப்பார்கள். படகைக் கவிழ்த்து, பின்முனையைத் தரையில் ஊன்றி, ஒருவர் முன்முனையைத் தலைக்கு மேல் உயர்த்திப் பிடிக்கவேண்டும். மற்றவர் அடியில் நுழைந்து நுகக்கட்டைக்குத் தோள் கொடுத்து, முதுகை வளைக்காமல் முழங்காலால் எழவேண்டும். எடை இரண்டு தோளிலும் சமமாக இறங்கியதும் பின்முனை தானாகத் தரையை விட்டு எழும். அந்தக் கணத்தில் படகு எதிர்பார்த்ததைவிட லேசாகத் தெரியும். நூறு மீட்டர் நடந்த பிறகு தோள் எலும்பின் மேல் அது உட்கார்ந்துவிடும்.

உள்ளே தலை இருக்கும்போது எதிரே நான்கைந்து அடித் தரை மட்டும்தான் தெரியும். உங்கள் மூச்சுச் சத்தம் படகுக்குள் திரும்பிக் கேட்கும். கொசு நெற்றியில் உட்கார்ந்தாலும் அடிக்க முடியாது. கைகள் இரண்டும் விளிம்பைப் பிடித்திருக்கும். அதனால் மூட்டையோடு முன்னால் நடப்பவர் "இடப்பக்கம் வேர்", "ஈரக்கல்", "கிளை தாழ்ந்திருக்கிறது" என்று குரல் கொடுத்துக்கொண்டே போகவேண்டும். எதிரே யாராவது வந்தால், படகு சுமப்பவருக்கு மற்றவர் ஒதுங்கி வழிவிடுவது அங்குள்ள மரியாதை.

ஒரு செய்தி மேலும்: கெவ்லார் பாறையில் உரசினால் கீறிக் கிழியும். கரை வந்ததும் கணுக்கால் ஆழத்தில் இறங்கிப் படகை மிதக்கவிட்டே மூட்டைகளை எடுங்கள். காலணி எப்படியும் நனையும். நனைந்த காலணி பகலுக்கு, காய்ந்த காலணி முகாமுக்கு என்று இரண்டு ஜோடி வேண்டும்.

ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

அமைதியான நீரில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் என்று வையுங்கள். போர்ட்டேஜ் கணக்கு வேறு. படகும் எல்லா மூட்டைகளும் ஒரே நடையில் போய்ச் சேராது. இருவரும் ஒரு சுமை வைத்துவிட்டுத் திரும்பி வந்து அடுத்ததை எடுத்துப் போகவேண்டும். ஒரு கிலோமீட்டர் பாதை என்றால் நீங்கள் நடப்பது மூன்று கிலோமீட்டர். வேரும் சேறும் ஏற்றமும் சேர்ந்தால் அதற்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விடும்.

ஆகவே ஒரு நாளுக்குப் பத்து கிலோமீட்டர் ஏரி, மொத்தம் ஒரு கிலோமீட்டர் போர்ட்டேஜ் என்பது புதியவர்களுக்குப் போதுமானது. இருவரில் மெதுவாக நடப்பவரின் வேகத்தை வைத்துத்தான் கணக்குப் போடவேண்டும். நடுவில் ஒரு நாளை எங்கும் நகராமல் ஒரே முகாமில் கழியுங்கள். பயணத்தின் சிறந்த நாள் அதுவாகவே இருக்கும்.

இங்கேயே பயிற்சி எடுக்க வழி உண்டா?

உண்டு. புக்கிட் காசிங்கில் வார இறுதியில் பத்துப் பன்னிரண்டு கிலோ முதுகுப் பையோடு ஏறி இறங்குங்கள். சிவன் கோயிலுக்குப் போகிற சாக்கில் இரண்டும் முடியும். துடுப்புக்குப் புத்ராஜெயா ஏரியில் கயாக் ஓட்டலாம். கயாக்குக்கு இருபுறமும் தட்டையான துடுப்பு, கனூவுக்கு ஒருபுறம் மட்டும். கைப்பழக்கம் மாறும், தோள் பலம் வீணாகாது. பயிற்றுநர் உடனிருக்கும்போது ஒருமுறையாவது வேண்டுமென்றே கவிழ்ந்து பாருங்கள்.

பின்னால் யார் உட்காருவது? எங்கள் வீட்டில் இதற்கே சண்டை வரும்.

சண்டை வரத்தான் செய்யும். கரையிலேயே பேசித் தீர்த்துவிட்டு ஏறுங்கள். பின்னால் இருப்பவர் திசையைப் பார்ப்பவர். முன்னால் இருப்பவர் தாளத்தை வகுப்பவர். நீருக்கடியில் பாறையோ மரமோ இருந்தால் முதலில் பார்ப்பதும் அவரே. முன்னிருக்கையில் இருப்பவர் துடுப்பு போடும் வேகத்துக்குப் பின்னால் இருப்பவர் ஒத்துப்போகவேண்டும், மாறாக அல்ல. படகை நேராகச் செலுத்த, துடுப்பை இழுத்து முடிக்கும் நொடியில் அதன் முகத்தைத் திருப்பிப் படகிலிருந்து வெளிப்பக்கம் தள்ளவேண்டும். அரை நாளில் கை பிடிபடும்.

நம் ஆண்களில் பலர் கேட்காமலேயே பின்னிருக்கையில் போய் அமர்ந்துகொள்கிறார்கள். இதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் இடம் மாறுங்கள். இருவர் மட்டும் போகிற பயணத்தில், ஒருவருக்கு ஏதாவது நேர்ந்தால் மற்றவர்தான் படகைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும். திசை பிடிக்கத் தெரியாத ஒருவரைக் காட்டுக்குள் வைத்திருப்பது இருவருக்கும் ஆபத்து. எடை குறைந்தவர் பின்னால் இருக்கும் நாளில், முன்முனை தாழாதபடி கனமான மூட்டையைப் பின்பக்கம் நகர்த்திக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டுக்கு என்ன வழி? சோறு இல்லாமல் எங்கள் வீட்டுக்காரருக்கு ஆகாது.

பூங்காவின் உட்பகுதிக்கு டப்பாவும் கண்ணாடிப் போத்தலும் கொண்டுபோகக் கூடாது. மைலோ டின்னோடு போகாதீர்கள். பிரித்து, திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் டப்பர்வேரில் போட்டுக்கொள்ளுங்கள். விமானத்தில் இங்கிருந்து மளிகை கட்டிக்கொண்டு போவதும் வேண்டாம். டொரொன்டோவின் ஸ்கார்பரோ பகுதியில் ஈழத்தமிழர் கடைகள் நிறைய உண்டு. அரிசி மாவு முதல் அப்பளம் வரை அங்கேயே கிடைக்கும்.

கடுகு, வரமிளகாய், கறிவேப்பிலை தாளித்து வறுத்த ரவையைப் பொட்டலம் கட்டிவைத்தால் கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் உப்புமா. அவல் அதைவிட எளிது. சோறு வேண்டுமானால் பாஸ்மதி சீக்கிரம் வேகும். மழையில் நனைந்து முகாம் சேரும் மாலையில் ரசப்பொடி போட்ட வெந்நீர் ஒரு குவளை குடித்துப் பாருங்கள், எவ்வளவு தெம்பு தருகிறது என்று. நெத்திலியும் சம்பாலும் வேண்டாம். அந்த வாசனை துணியில் ஏறினால் கரடி மோப்பம் பிடிக்கும். அடுப்பு எரிவாயுவை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள், அங்கே வாங்குங்கள்.

தண்ணீர்? கழிப்பறை? கேட்கக் கூச்சமாக இருக்கிறது.

இதில் கூச்சத்துக்கு இடமில்லை. ஏரி நீரை வடிகட்டியோ கொதிக்கவைத்தோ குடிக்கலாம். எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்காதீர்கள். குடலைக் கெடுக்கும் நுண்ணுயிர் இருக்கும்.

ஒவ்வொரு முகாம் இடத்துக்கும் பின்னே, மரங்களுக்கிடையில் மூடிபோட்ட ஒரு மரப்பெட்டி இருக்கும். சுவரும் கூரையும் கிடையாது. மாதவிடாய் நாளாக இருந்தால் பயன்படுத்தியவற்றை அதற்குள் போடாமல் இரட்டைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவரவேண்டும். இரவில் அந்தப் பை உணவு மூட்டையோடு இருக்கட்டும். காரணம் அடுத்த பதிலில்.

கரடி, பாம்பு, முதலை?

முதலை கிடையாது. நச்சுப்பாம்பும் அங்கே இல்லை. கருங்கரடி உண்டு. அது பெரும்பாலும் மனிதரைத் தவிர்க்கும். ஆனால் 1991இல் இதே பூங்காவில் ஓபியோங்கோ ஏரித் தீவொன்றில் முகாமிட்ட இருவரைக் கரடி கொன்றிருக்கிறது. அபூர்வம் என்பது இல்லவே இல்லை என்பதல்ல.

வாசனையுள்ள எதுவும் கூடாரத்துக்குள் போகக்கூடாது: பிஸ்கட், பற்பசை, தைலம், முகப்பூச்சு எதுவுமே. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், அடிமரத்திலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளித் தொங்கவிடவேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே கயிற்றைக் கிளையில் போட்டுவிடுங்கள். கரடி எதிர்ப்பட்டால் ஓடாதீர்கள். இருவரும் சேர்ந்து நின்று, கையை உயர்த்தி, சத்தம் போட்டபடி மெதுவாகப் பின்வாங்குங்கள். பாய்ந்துவிட்டால் செத்ததுபோல் கிடக்காமல் எதிர்த்து அடிக்கவேண்டும்.

நடு இரவில் ஏரியிலிருந்து அழுகை போல ஒரு நீண்ட குரல் வரும். அது லூன் பறவை. கனடாவின் ஒரு டாலர் நாணயத்தில் இருப்பது. கேட்டுக்கொண்டே படுத்திருங்கள்.

போன் சிக்னல் இல்லாவிட்டால் அம்மா பயந்துபோவார்களே?

உட்பகுதியில் பெரும்பாலும் சிக்னல் இருக்காது. செயற்கைக்கோள் வழியாகக் குறுஞ்செய்தி அனுப்பும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அவசர உதவி கேட்கும் பொத்தானும் அதில் இருக்கும். கோடையில் கோலாலம்பூர் டொரொன்டோவைவிடச் சரியாக 12 மணி நேரம் முன்னால் இருக்கிறது. மாலை ஆறு மணிக்கு முகாமில் இருந்து "நலம்" என்று அனுப்பினால், அம்மா காலை ஆறு மணிக்கு அதைப் பார்ப்பார். ஒருநாள் செய்தி வராவிட்டால் கருவி பழுதாகியிருக்கலாம் என்றும், திரும்பும் நாள் தாண்டினால் யாரை அழைக்கவேண்டும் என்றும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

பதிவு செய்த ஏரிக்குப் போகமுடியாமல் காற்றடித்தால் என்ன செய்வது?

காத்திருங்கள். காற்று பொதுவாக முற்பகலில் எழுந்து மாலையில் தணியும். பெரிய ஏரியைக் கடக்கும் நாளில் விடியற்காலையிலேயே கிளம்பிவிடவேண்டும். அலை நுனிகளில் வெள்ளை நுரை தெரிந்தால் புதியவர்கள் படகை இறக்கக்கூடாது. அனுமதிச் சீட்டில் வேறு ஏரியின் பெயர் இருக்கிறதே என்ற கவலையில் அலைக்குள் இறங்குவது முட்டாள்தனம். பூங்காக் காவலர் வந்தால் நடந்ததைச் சொல்லுங்கள்.

நட்ட நடுவில் ஒருவருக்குக் கால் பிசகிவிட்டால்?

இது கடினமான கேள்வி. கிளம்புமுன்பே இதற்குப் பதில் வைத்திருக்கவேண்டும். பிசகியவரின் காலை உயர்த்திக் கட்டி, அன்றைக்கு அங்கேயே தங்குங்கள். மறுநாள் ஊன்ற முடிந்தால், அவர் வெறுங்கையோடு கோல் ஊன்றி நடக்க, மற்றவர் படகையும் மூட்டைகளையும் பல நடையில் சுமக்கவேண்டும். மேலே சொன்ன இரண்டு காரியங்களுக்கு இங்கேதான் பலன் தெரியும்: இருவருக்கும் படகு தூக்கத் தெரிவது, இருவருக்கும் பின்னிருக்கை பழகியிருப்பது. ஊன்றவே முடியாவிட்டாலோ, எலும்பு முறிந்ததாகத் தெரிந்தாலோ கருவியின் அவசரப் பொத்தானை அழுத்தத் தயங்காதீர்கள்.

அதனால்தான் முதல் பயணத்துக்கு வட்டப் பாதையைவிட, போன வழியே திரும்பும் பாதையைப் பரிந்துரைக்கிறேன். திரும்பும் வழியில் எந்தப் போர்ட்டேஜ் எவ்வளவு கடினம் என்று முன்பே தெரிந்திருக்கும். பயணக் காப்புறுதி எடுக்கும்போது காட்டிலிருந்து மீட்டுவரும் செலவும் அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

எங்களுக்கு வயது ஐம்பத்தைந்து. அவருக்கு முழங்கால் வலி வேறு. ஆசையை விட்டுவிட வேண்டியதுதானா?

விடவேண்டாம், போர்ட்டேஜைக் குறையுங்கள். கனூ லேக் என்னும் ஏரியில் தொடங்கினால், 300 மீட்டருக்கும் குறைவான ஒரே ஒரு போர்ட்டேஜில் ஜோ லேக் வந்துவிடும். தட்டையான, அகலமான பாதை. அங்கேயே முகாமிட்டு, மூட்டையில்லாமல் வெறும் படகில் சுற்றலாம். கனூ லேக்கில்தான் 1917இல் ஓவியர் டாம் தாம்சன் இறந்துபோனார். அவர் நினைவாகக் கரையில் ஒரு கற்குவியல் இருக்கிறது. படகிலேயே போய்ப் பார்க்கலாம்.

நடக்கவே இயலாதென்றால் ஓபியோங்கோ ஏரி. அங்கே கட்டணப் படகு உங்களையும் கனூவையும் ஏற்றித் தொலைவில் உள்ள கரையில் இறக்கிவிட்டு, சொன்ன நாளில் வந்து அழைத்துக்கொள்ளும். ஏரி பெரியது, காற்று வேகமாக எழும். காற்றைப் பற்றி மேலே சொன்னதை ஒருமுறை திரும்பப் படித்துவிட்டுப் பதிவு செய்யுங்கள். முழங்காலுக்குப் பட்டையும், படகில் மண்டியிடும்போது அடியில் வைக்க ஒரு தடித்த மெத்தைத் துண்டும் மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.